வாசித்ததாகச் சொன்ன புத்தகம்

சிறார் நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அதை எழுத்தாளர் வாசிப்பார், பதிப்பாளர் வாசிப்பார், விருதுக்குழுவில் யாராவது ஒருவர் வாசித்தாலும் வாசிப்பார். பிள்ளைகள் மட்டும் வாசிக்கவே மாட்டார்கள். அதனால் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் 'பிள்ளைகள் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்' என்று தைரியமாக எழுதலாம். எந்தப் பிள்ளையும் வந்து சட்டையைப் பிடித்துக் கேட்கப் போவதில்லை.

எப்சிபா அப்படிப்பட்ட ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி நூலகமும் அவள் பொறுப்பு. ஒரு அறக்கட்டளை வருஷாவருஷம் சிறார்களுக்கும் இளையோருக்குமான புத்தகங்களுக்கு விருது கொடுக்கிறது. இறுதிப் பட்டியலில் வரும் புத்தகங்களுக்கு, முடிவு அறிவிக்கும்வரை வாரம் ஒன்றாக மதிப்புரை போடுவது பால்வண்ணநாதன் அண்ணாச்சி நடத்தும் வார இதழின் வழக்கம். அந்த மதிப்புரைகளை எப்சிபாதான் எழுதுவாள். பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் குறித்து, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதிவிடுவாள். இரண்டு எழுத்தாளர்கள் அவளோடு பேசுவதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வருஷப் பட்டியலில் 'குரங்குகளுக்கு லீவு கிடையாது' என்று ஒரு நாவல். எழுதியவர் வேல்ராஜ், சிவகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவர், அவருக்கு இது முதல் புத்தகம். மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும் என்பது இதழின் விதி. இரண்டும் வந்து எப்சிபாவின் மேஜையில் கிடந்தன. அந்த வாரம் பார்த்து இடைப்பருவத் தேர்வு விடைத்தாள்கள் மலையாகக் குவிந்துவிட்டன. அண்ணாச்சி போன் மேல் போன் போட்டார். புத்தகத்தைத் திறந்தால் நான்கு அணிந்துரைகள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒரு கவிஞர், ஒரு மருத்துவர், பிறகு யாரென்றே தெரியாத ஒருவர். நால்வரும் குரங்குகளைப் பற்றியும் மாந்தோப்பைப் பற்றியும் இயற்கையோடு இணைந்த குழந்தைமையைப் பற்றியும் உருகியிருந்தார்கள். முதல் மூன்று அத்தியாயங்களிலும் குரங்குகள் நன்றாகவே சேட்டை செய்தன. அணிந்துரைகளையும் அந்த மூன்று அத்தியாயங்களையும் வைத்துக்கொண்டு எப்சிபா ஒரே மூச்சில் மதிப்புரையை எழுதி அனுப்பிவிட்டாள். 'தயக்கமின்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்' என்று முடித்திருந்தாள்.

"முழுசா படிச்சியா?" என்று கேட்டான் அவள் கணவன் ஜோயல்.

"மிச்சத்த அப்புறம் படிச்சுக்கலாம்."

"பொண்ண பாக்காம ஜாதகத்தப் பாத்தே கல்யாணத்த முடிச்சிட்டே" என்று சிரித்துவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான். அவளும் சிரித்தாள். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

இது இத்தோடு போயிருந்தால் ஊர் உலகத்தில் நடக்காத காரியம் ஒன்றுமில்லை. அஃப்ஷான் நடுவில் வந்தாள்.

அஃப்ஷான் ஒன்பதாம் வகுப்பு. எப்சிபா இத்தனை வருஷத்தில் பார்த்த பிள்ளைகளில் அவளைப் போலப் புத்தகத்தைத் தின்கிறவள் இல்லை. போன வருஷம் சாரல் காலத்தில் ஐந்தருவிச் சாலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால், தோப்புக்குள் போகும் ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறியது. அவள் தம்பி ஹுஸைஃபாவை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அஃப்ஷான். அது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவளிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதன்பின் அவள் எதையும் வாசிக்காமல் இருந்தாள். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் ஒருநாள் நூலகத்துக்குள் வந்து, எதுவும் கேட்காமல், அலமாரி முன்னால் நின்றாள். எப்சிபா ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே அவளுடைய உம்மா சைதூன் பீவி பள்ளிக்கு வந்துவிட்டாள். வாப்பா ஷார்ஜாவில் இருக்கிறார், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

"பொஸ்தகம் குடுங்க டீச்சர், வேண்டாங்கல. வாசிக்க ஆரம்பிச்ச பொறவுதான் ஒழுங்கா சாப்பிடுதா. ஆனா ஒருக்கா நீங்க முழுசா வாசிச்சுட்டுக் குடுங்க. தண்ணி, வெள்ளம், பிள்ளையப் பறிகுடுக்கது, அந்த மாதிரி ஒண்ணும் இருக்கப்படாது. ஒங்க வார்த்தைய நம்பித்தான் விடுதேன்."

எப்சிபா வாக்குக் கொடுத்தாள். காப்பாற்றவும் செய்தாள். அஃப்ஷானுக்குக் கொடுத்த ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் தான் வாசித்தாள். கப்பல் கவிழ்கிற ஒரு கதையையும், கிணறு வருகிற இன்னொன்றையும் அலமாரியின் பின்வரிசையில் ஒளித்தே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அஃப்ஷான் மேஜையில் கிடந்த புத்தகத்தின் அட்டையில் குரங்குப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இதத் தாங்களேன் டீச்சர். வாசிச்சுட்டீங்களா? உம்மா கேப்பா."

"வாசிச்சாச்சு, மதிப்புரையே எழுதியாச்சு" என்றாள் எப்சிபா.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எழுதி அனுப்பிவிட்டதால் வாசித்தது போலவே ஆகிவிட்டிருந்தது. அஃப்ஷான் ஒரு பிரதியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நடந்துகொண்டே முதல் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இதழ் வந்தது. எப்சிபா கோயிலுக்குப் போய்வந்து மீன்குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தபோது வேல்ராஜ் கூப்பிட்டார். எழுதியவர்கள் நன்றி சொல்லக் கூப்பிடுவது வழக்கம்தான். அடுப்பைத் தணித்துவிட்டு எடுத்தாள்.

"மேடம், என்ன சொல்லுததுன்னே தெரியல. மத்தவங்கன்னா மொத வரியிலயே போட்டு ஒடைச்சிருப்பாங்க. நீங்க அந்தப் பையன் தண்ணியோட போறதப் பத்தி மூச்சே விடல பாத்தீங்களா. அத வாசிக்கவங்களே கண்டுக்கிடட்டும்னு விட்டீங்கள்லா, அது பெரிய மனசு மேடம்."

எந்தப் பையன் என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். வேல்ராஜ் மேலும் பேசிக்கொண்டே போனார். ஓடையைப் பற்றிச் சொன்னார். அக்காக்காரி பூரணி தம்பியின் கையைப் பிடித்திருந்ததைப் பற்றிச் சொன்னார். அதை மட்டும் ஏழு தடவை திருப்பி எழுதினாராம். எப்சிபா "ஆமா", "ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 

உடனே சைதூன் பீவிக்குப் போன் போட்டாள்.

"என்ன டீச்சர், நாத்திக்கெழமையில? அஃப்ஷானா? அவ ரூமுக்குள்ள இருக்கா. நீங்க குடுத்த பொஸ்தகந்தான். காலையில இருந்து எந்திரிக்கல. நேத்து அதுல வார கொரங்கப் பத்திச் சொல்லி, எவ்வளவு நாளைக்கிப் பொறவு சிரிச்சா தெரியுமா. நீங்க நல்லா இருக்கணும்."

இப்போதே போய் அதைப் பிடுங்குங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். எப்சிபாவுக்கு அந்த ஒரு நொடி வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். வாசித்ததாகச் சொன்னீர்களே என்பாள். "சும்மாதான் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் வர்ற சோலி இருக்கு, எட்டிப் பாக்கேன்" என்று வைத்துவிட்டாள். வைத்த கையை அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

"சாப்பிட்டுப் போ" என்றான் ஜோயல். அவள் தன் பிரதியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவது என்பது ஏறுவது இல்லை, தள்ளப்படுவது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு எண்ணெய்ப் பாட்டிலுக்கும் யாரோ ஒருவரின் ஈரத் துண்டுக்கும் நடுவில் நின்று, எப்சிபா நான்காம் அத்தியாயத்திலிருந்து வாசித்தாள். கார்கள் வரிசையாக நின்றதால் பஸ் ஊர்ந்தது. அவளுக்கு அது தாமதமாகவும் இருந்தது, அவகாசமாகவும் இருந்தது. நல்ல புத்தகம். அதுதான் அவளை இன்னும் கொன்றது. வேல்ராஜ் அருமையாக எழுதியிருந்தார். தம்பியைத் தண்ணீர் இழுக்கிற இடம் பதினோராம் அத்தியாயத்தில் வந்தது. பூரணியின் விரல்களிலிருந்து அவன் விரல்கள் எப்படி நழுவின என்பதை அவர் நிதானமாக ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்து அஃப்ஷான் வாசித்திருப்பாள் என்று நினைத்ததும் எப்சிபாவால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தாள். இன்னும் மூன்று அத்தியாயங்கள் பாக்கி இருந்தன.

சைதூன் பீவி வாசலிலேயே நின்றாள். சீசனுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிற வீடு அது. இந்த வருஷம் யாருக்கும் விடவில்லை, அறைகள் பூட்டியே கிடந்தன. "உள்ள போங்க டீச்சர், சாயா போடுதேன்" என்று அடுக்களைக்குப் போனாள்.

அஃப்ஷான் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மூடி மடியில் இருந்தது. எப்சிபா ஆட்டோவில் வரும்போது நூறு விதமாக நினைத்துப் பார்த்த எதுவும் அங்கே இல்லை. அழவில்லை. முகம் கழுவியிருந்தாள்.

"முடிச்சிட்டியாட்டி?"

"இப்பத்தான் டீச்சர்." புத்தகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "நீங்க தெரிஞ்சுதான குடுத்தீங்க?" என்றாள்.

எப்சிபா பதில் சொல்லவில்லை. அதை அஃப்ஷான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"நெனச்சேன். எங்கிட்ட யாருமே அதப் பத்திப் பேச மாட்டாங்க டீச்சர். உம்மாகூட ஒண்ணும் கேட்டதில்ல. திட்டுனதும் இல்ல, ஒன் தப்பு இல்லன்னு சொன்னதும் இல்ல. நீங்கதான் முழுசா வாசிச்சுட்டு, இத இவகிட்ட குடுப்போம்னு குடுத்திருக்கீங்க." குரல் இறங்கியது. "கடைசிப் பக்கத்துல பூரணிகிட்ட அவ அம்மா ஒண்ணு சொல்லுதாள்லா. அது நெசமா டீச்சர்? நீங்க என்ன நெனைக்கீங்க?"

கடைசிப் பக்கத்துக்கு எப்சிபா போகவே இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக விருதுப் பட்டியல் புத்தகங்களை வாசித்தவள். இளையோர் நாவல்களின் கடைசிப் பக்கத்தில் அம்மாக்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? பிள்ளையைக் கட்டிக்கொள்வார்கள். உன் தப்பு இல்லை என்பார்கள். அதை இவளுக்கும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நானே சொல்கிறேன் என்று நினைத்தபோது எப்சிபாவுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக மூச்சு வந்தது.

"நெசந்தான்ட்டி" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்தவளுக்குத் தெரியாதா? அவ சொன்னது சரிதான்."

அஃப்ஷான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"சரி டீச்சர்" என்றாள். "பொஸ்தகத்த நீங்களே கொண்டு போயிருங்க."

எப்சிபா இரண்டு பிரதிகளையும் பைக்குள் வைத்தாள். சாயாவைக் குடித்தாள். சைதூன் பீவி ஒரு பொட்டலத்தில் நேந்திரங்காய் வற்றல் கட்டிக் கொடுத்தாள், அதையும் வாங்கிக்கொண்டாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த நிம்மதியில் கால் தரையில் பாவவில்லை. இனி எந்தப் புத்தகத்தையும் முழுக்க வாசிக்காமல் ஒரு வரி எழுத மாட்டேன் என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டாள். தப்பித்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம். தலை ஈரம் காயாமல் அருவியிலிருந்து வந்தவர்கள் நிழற்குடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சாரல் விழுந்தது. எப்சிபா சும்மா நிற்கப் பிடிக்காமல் புத்தகத்தை எடுத்தாள். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

அதில் அம்மா கட்டிக்கொள்ளவில்லை. தம்பியின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். பூரணி பக்கத்தில் வந்து உட்கார்கிறாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், 'நீ கையை விடாமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான்' என்கிறாள். பூரணி எழுந்து வாசலுக்கு வருகிறாள். கூரையில் குரங்குகள் ஓடுகின்றன. அத்தோடு நாவல் முடிகிறது.

எப்சிபா அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவை வாசித்தாள். அம்மாவின் வாயில் அந்த வார்த்தையை வைத்துவிட்டு, அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று வாசிக்கிற பிள்ளை கொதிக்கட்டும் என்று வேல்ராஜ் விட்டிருக்கிறார். அதற்காகத்தான் அந்தப் புத்தகம் பட்டியலுக்கு வந்திருக்கிறது. அஃப்ஷானும் கொதித்திருப்பாள், கொஞ்சமாவது. அது அநியாயம்தானே டீச்சர் என்று கேட்கத்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். அவ சொன்னது சரிதான் என்று, கையைப் பிடித்துக்கொண்டு, இவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

பஸ் வந்து நின்று கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனது. எப்சிபா எதிர்ப்பக்கமாக நடந்தாள். ஓட வேண்டும் போல் இருந்தது. திரும்பிப் போகாமல் இருந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. நாளைக்குப் பள்ளியில் வைத்துச் சொல்லலாமே என்று மனசு ஒரு வழி காட்டியது. இன்றைக்குப் பகல் முழுக்க அந்த மனசு காட்டிய வழியில் போனதுதான் இது. குடையைக்கூட விரிக்காமல் நடந்தாள்.

கதவைத் திறந்த சைதூன் பீவி, "எதையும் வச்சிட்டுப் போயிட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

"அஃப்ஷானக் கூப்பிடுங்க. ஒங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்."

அஃப்ஷான் நடுவீட்டில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. இப்போது அழுதிருக்கிறாள், புத்தகத்துக்கு அழாதவள். எப்சிபா நின்றபடியே சொன்னாள்.

"நான் அந்தப் பொஸ்தகத்த வாசிக்கல. வாசிச்சேன்னு சொன்னது பொய். அதுல ஒரு பையன் ஓடையில போயிருதான். அக்கா கையில இருந்து. அது எனக்கு இன்னைக்கு மத்தியானந்தான் தெரியும். போன்ல சொல்லியிருக்கணும், சொல்லல."

சைதூன் பீவி மகளைப் பார்த்தாள். பிறகு எப்சிபாவைப் பார்த்தாள். "நான் ஒங்க வார்த்தைய நம்புனேனே டீச்சர்" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எப்சிபாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்பம் நான் கேட்டதுக்கு நெசந்தான்னு சொன்னீங்களே?" என்றாள் அஃப்ஷான்.

"தெரியாமச் சொன்னேன்ட்டி. அந்த அம்மா வேற மாதிரி சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"இப்பம் வாசிச்சுட்டீங்களா?"

"வாசிச்சுட்டேன்."

"அப்பம் சொல்லுங்க."

"அவ சொன்னது தப்பு. தண்ணி இழுக்கும்போது எந்தப் பிள்ளையாலயும் பிடிச்சு நிக்க முடியாது. அவ விடல, தண்ணிதான் பறிச்சுது. ஒன் மேலயும் ஒரு தப்பும் இல்ல, அஃப்ஷான்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வாழ்க்கையில் அவள் இவ்வளவு மனசாரச் சொன்ன வேறு வார்த்தைகள் இல்லை. அஃப்ஷான் அதைக் கேட்டுக்கொண்டாள். கோபமாக இல்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"கொஞ்சம் முன்னாலயும் நெசந்தான்னு கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. இது நெசந்தான்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"



அஃப்ஷான் உம்மா பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு உம்மா. நான் விடாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா?"

சைதூன் பீவி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். 

"அன்னைக்கு ஒன்னய அங்கன அனுப்புனதே நாந்தானட்டி" என்றாள். "ரூமுக்கு ஆளு வந்துட்டாங்க, பாய் விரிக்கணும், தம்பி காலுக்குள்ள நிக்கான்னு ஓடைப்பக்கம் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். மேல மலையில மழ பெய்யுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே சொன்னேன். ஒங்கிட்ட நான் எதக் கேக்கது? நீ திருப்பி என்னயக் கேட்டுருவியோன்னுதான் வாயே தொறக்கல. தண்ணி வார பொஸ்தகமெல்லாம் வேண்டாம்னு சொன்னது ஒனக்காக இல்லட்டி, எனக்காக."

 அஃப்ஷான் போய் உம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

எப்சிபா தலை சொட்டச் சொட்ட நின்றாள். நல்லதுதானே நடந்தது, நடக்க வேண்டியதுதானே நடந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவளே விரட்டினாள். இந்த வீட்டில் இவர்கள் இருவரும் தங்களுக்கு நாள் வரும்போது பேச வேண்டியதை, ஒரு வாரத்து விடைத்தாள்களுக்குப் பயந்து, அவள் இன்றைக்கே பேச வைத்துவிட்டாள். இதில் அவள் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு இடமும் இல்லை.

"நான் வாரேன்" என்றாள்.

சைதூன் பீவி மகளின் தலையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்தாள். மூலையில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"தலையத் தொடைச்சிட்டுப் போங்க டீச்சர். சளி பிடிச்சுக்கிடும்." அவள் துடைத்து முடிக்கிறவரை காத்திருந்து, துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "இனிமே அவளுக்குப் பொஸ்தகம் ஒண்ணும் குடுக்க வேண்டாம்."